நீலத் தொட்டியில் என்ன மரம் இருந்தது

அக்கா,

புதன்கிழமை காலையில் உங்கள் நீலத் தொட்டியைக் கழுவினேன். பயப்படாதீர்கள், புளி போடவில்லை, சோப்பும் போடவில்லை. வெறும் தண்ணீர்தான். ஒரு வருடமாக அது மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. திருப்பி வைத்தது நான்தான். முதல் செம்புத் தண்ணீர் விழுந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், சுட்ட மண்ணும் பழைய உப்பும் காய்ந்த வேரும் கலந்த வாசனை, நான் குத்தவைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

தொட்டியைக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். திருவரங்குளத்துக்காரர், லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறி இறங்கிய காலத்தில் பழைய சுவர்களின் இடுக்கில் முளைத்திருக்கும் சின்னச் சின்ன மரங்களைப் பார்த்துப் பார்த்து, தொட்டியில் போன்சாய் வளர்க்கும் ஆசை வந்துவிட்டதாம். நம் கீரனூர் நர்சரிக்காரர் என் வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார். மனிதர் ஈரத் தொட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கவிழ்த்து, அடியைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு சந்தையில் பானை வாங்குகிற மாதிரி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும். அப்புறம்தான் கேட்டார்.

"இதுல என்ன மரம்ங்க இருந்துச்சு?"

உங்கள் கேள்வி, அக்கா. உங்களை ஒருநாளும் பார்த்திராத ஒரு மனிதர், உங்கள் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கேள்வியை என்னிடமே கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு மரத்தின் பெயரைச் சொல்ல இவளுக்கு நாலு நாளா என்று நினைத்திருப்பார். அவரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் கல்லறைக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுதினால் வரும் என்று தோன்றியது.

ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பழகியதே ஒரு தொட்டியைப் பார்க்காமல் பழகியதுதானே. பதினாலு வருடம் இருக்கும். வேலை முடிந்து திருச்சியிலிருந்து திரும்பும் சாயங்கால பஸ். எனக்கு எப்படியோ ஜன்னலோரம் கிடைத்திருந்தது. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது நம் பக்கத்து பஸ்ஸில் யாரும் யாரையும் கேட்டுச் செய்கிற காரியமில்லை. உங்கள் துணிப்பையை வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் கனம் தெரிந்தது. அடுத்தவர் பையில் என்ன இருக்கிறது என்று துழாவுவது நாகரிகமில்லைதான். ஆனால் என் விரல் என் பேச்சைக் கேட்டதில்லை. துணிக்கு மேலேயே தடவினேன். ஜில்லென்றிருந்தது. வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு. அடியில் நாலு குட்டைக் கால்கள். கேக் செய்கிற பாத்திரமோ என்று நினைத்தேன். குழந்தைக்கு ஏதாவது வாங்கியிருப்பார்களோ என்றும் நினைத்தேன். அடியில் இரண்டு ஓட்டைகள் தட்டுப்பட்டதும் நினைத்ததெல்லாம் பொத்தென்று விழுந்தது. மாத்தூர் தாண்டுவதற்குள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், இது சமையல் சாமான் இல்லைதானே என்று.

"பையப் பிரிக்காமயே ஓட்டை வரைக்கும் போயிட்டீங்களா?" என்று சிரித்தீர்கள். நான் பையின் வாயைத் திறக்கப் போனபோது தடுத்துவிட்டீர்கள். "இப்பப் பாக்காதீங்க. கண்ணால பாத்தா கலரு ஏமாத்திரும். எறங்குற வரைக்கும் கையாலயே பாருங்க."

கீரனூர் வரைக்கும் கையாலேயே பார்த்தேன். ஒரு மூலையில் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்த மூலையைப் பிடித்துத்தான் யாரோ வருடக்கணக்கில் தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது, நிலையத்தில் இறங்கி, பையைத் திறந்து காட்டிய பிறகு. திருச்சியில் ஒரு டாக்டர் வீட்டைக் காலி செய்யும்போது வாங்கியது அது. மண் நிறம், ஒரு பூ கிடையாது, ஒரு கோடு கிடையாது. கடையில் புதிதாக இருந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அந்தத் தேய்ந்த மூலையை மட்டும் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள். நீங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், நான் கீரனூரிலேயே பிறந்து கீரனூரிலேயே வாக்கப்பட்டவள். பஸ்ஸை விட்டால் நம் இருவருக்கும் பொதுவாக ஒன்றுமில்லை. வயதில் மூத்தவர் என்று நான் அக்கா என்றேன், நீங்கள் என்னைச் சித்ரா என்றீர்கள். இருந்தாலும் கடைசி வரைக்கும் 'ங்க' போட்டேதான் பேசினோம். சண்டையிலும் அதை விட்டதில்லை.

சண்டை என்றதும் முதல் சண்டை ஞாபகம் வருகிறது. நீங்கள் எனக்குக் கொடுத்த முதல் தொட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, பளிச்சென்று ஆக்கி, பெருமையாக உங்கள் மாடிக்கே எடுத்து வந்தேன். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கிற கை, வேறென்ன செய்யும்? அதைப் பார்த்த உங்கள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாலு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஐந்தாவது நாள்தான் வாயைத் திறந்தீர்கள்.

"உங்க வீட்டுத் தோசைக்கல்ல யாராச்சும் இப்படித் தேய்ச்சா சும்மா இருப்பீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புதுக் கல்லில் தோசை ஒட்டும். வருடக்கணக்கில் எண்ணெயும் சூடும் ஏறினால்தான் கல் பழகும். பழகிய கல்லை எந்தப் பெண்ணும் இன்னொருத்திக்குக் கடன் கொடுக்க மாட்டாள். நான் தேய்த்து எடுத்தது அழுக்கு இல்லை, இருபது வருடத்துத் தண்ணீரும் வெயிலும் பாசியும் கை எண்ணெயும். அன்றிலிருந்து நாம் பழைய தொட்டி என்று சொல்வதை விட்டுவிட்டு, பழகின தொட்டி என்றே சொன்னோம். புதுத் தொட்டியின் மினுமினுப்பு முகத்தில் அடிக்கும். பழகினதில் அது அடங்கி, உள்ளேயிருந்து வருகிற மாதிரி இருக்கும். தண்ணீர் நின்ற உயரத்தில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு, கால்களின் உள்பக்கம் கறுப்பு, சூளையில் பூச்சு வழிந்து நின்ற இடத்தில் ஒரு முத்து. உங்கள் மாடியில் முப்பதுக்கு மேல் தொட்டிகள் இருந்தும் ஒன்றை இன்னொன்றென்று மாற்றி எடுக்கவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எது எதுவென்று சொல்வோமே, அதில் பாதி நாள் நான்தான் ஜெயித்தேன். இல்லை என்று இப்போது நீங்கள் மறுக்க முடியாது.

பழகின தொட்டி ஒருவர் வீட்டிலிருந்து விலைக்கு வருகிறதென்றால் அநேகமாக அதிலிருந்த மரம் செத்திருக்கும். இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. நீங்கள் தொட்டியைத் தட்டிப் பார்த்து முடித்ததும் கேட்பீர்கள்: இதில் என்ன மரம் இருந்தது, என்ன ஆயிற்று? பதில் வராமல் தொட்டியை எடுக்க மாட்டீர்கள். கேட்டதும் மனிதர்கள் என்ன பாடு படுவார்கள்! ஒருவர் பூனை மேல் பழியைப் போட்டார். தில்லைநகரில் ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்ற மறந்தது யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் நம் முன்னாலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். எனக்கு அதெல்லாம் கதை கேட்கிற சாக்கு. நீங்கள் மட்டும் மாடிக்கு வந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் பென்சிலால் எழுதிவைப்பீர்கள். 'மாதுளை. ஊருக்குப் போனார்கள், பதினோரு நாள் தண்ணீர் இல்லை.' 'காகிதப்பூ. தட்டில் தண்ணீர் நின்றது, வேர் அழுகல்.' 'ஆல். சாகவில்லை. பெரிய தொட்டிக்குப் போனது.' யார் பெயரும் எழுத மாட்டீர்கள். துக்க வீட்டில் போய் எப்படி, என்ன என்று விசாரிக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் கேலி செய்தேன். நீங்கள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத ஒரே தொட்டி இந்த நீலத் தொட்டிதான்.

கோட்டைப்பட்டினத்தில் யாரிடமோ மலேசியாவிலிருந்து வந்த தொட்டி இருக்கிறதென்று உங்களுக்குத் துப்புக் கிடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மாறி, இறங்கும்போது மதியமாகிவிட்டது. கடல் காற்றில் கருவாட்டு வாசனை. அந்த வீட்டுக்காரம்மா நமக்கு டீ கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனார்கள். ஐந்தாறு கோழிகள் தலையை முக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன, நீலத் தொட்டியில். ஓட்டை இரண்டையும் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கோழிகள் குடித்து முடிக்கட்டும் என்று நின்றீர்கள்.

என்ன மரம் இருந்தது என்று கேட்டதற்கு அந்தம்மா முழித்தார்கள். "மரமா? அது என்னமோங்க. அத்தா மலேசியாவுலேர்ந்து வாரப்பக் கொண்டாந்தாங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து கோழிக்குத்தான் தண்ணி வக்கிறோம்." அந்தம்மாவின் அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. இனிமேல் கேட்க ஆளில்லை. பதில் இல்லாத தொட்டியை நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். கோழிகளுக்கு ஒரு புது எவர்சில்வர் பேசின் வாங்கிக் கொடுத்து, தொட்டியை வாங்கிக்கொண்டீர்கள். திரும்பும்போது நமக்கு உட்கார இடம் கிடைத்தும் அதை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று அறந்தாங்கி வரைக்கும் போட்டி.

நீளவட்டம், மூன்று விரல் ஆழம். அந்த நீலம் எந்த நீலம் என்று பத்து வருடமாக நமக்குள் தீராத வழக்கு. நான் மயில் கழுத்து என்பேன், நீங்கள் மைக்கூட்டின் அடி என்பீர்கள். விளிம்பில் மெலிந்து பழுப்பாகி, அடிப்பக்கம் தடித்து வழிந்து, காலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டிருக்கும். உள்பக்கம் கோழி அலகு கொத்திய பொட்டுகள். கடல் காற்று ஒரு பக்கத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தது. ஒரு கால் குட்டை. தரையில் வைத்தால் ஆடும். நாம் வந்த பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்து நீங்கள் அந்தக் காலுக்குக் கீழே வைத்தீர்கள். அடியில் சதுரமாக ஒரு முத்திரை, சீன எழுத்துப் போல. போனில் படம் எடுத்து என்னவென்று பார்க்கலாம் என்றேன். "பேரு தெரிஞ்சிட்டா அப்புறம் தொட்டியப் பாக்க மாட்டோம்ங்க" என்று தடுத்துவிட்டீர்கள். இன்றுவரை நான் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

சிமெண்டைச் சுரண்டி எடுத்த பிறகும் அதைக் காலியாகவே வைத்திருந்தீர்கள். மாடியில் மேல் தட்டில் அது மட்டும் தனியாக. மேலே தண்ணீர் தெளித்தால் நீலம் ஒரு படி அடர்ந்து இறங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே நான் தெளிப்பேன். ஒருநாள் உங்கள் புளியமரம் எனக்கு அந்தத் தொட்டிக்காகவே பிறந்த மாதிரித் தெரிந்தது. ஒன்றரைச் சாண் புளியமரம். வீட்டில் புளி வைக்கலாமா, பேய் வரும் என்று கீழ்வீட்டு அம்மா சொன்னதற்கு, இந்த உயரத்தில் எந்தப் பேய் தொங்க முடியும், கால் தரையில் இடிக்காதா என்று கேட்டீர்களே, அந்த மரம். சாயங்காலம் இலையை மூடிக்கொள்ளும். வெடித்த பட்டையும் பொடி இலையும் அந்த நீலத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஆரம்பித்துவிட்டேன். நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். ஆனால் புளிக்கு வேர் ஆழம், இந்தத் தொட்டி அதற்கு இரண்டு விரல் போதாது. வருடத்துக்குக் கொஞ்சமாக வேரைக் குறைத்து, மூன்றாவது வருடம் மழைக்காலத்தில் வைக்கலாம் என்றீர்கள். முதல் வருடத்துக்குக் குறைத்தீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன், மண்ணைத் தள்ளிக் கொடுத்தேன். எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

போன வருடம் பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். மதியம் ஆஸ்பத்திரியிலேயே நெஞ்சு வலி. நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது. முப்பதாம் நாள் பூசைக்கு ஆவூர் வந்தபோது உங்கள் அண்ணன் புளியமரத்தையும், காலுக்குக் கீழே இருந்த டிக்கெட்டோடு நீலத் தொட்டியையும் என்னிடம் கொடுத்தார். மற்றதைச் சொந்தக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள், இது இரண்டையும் தங்கச்சி உங்களுக்குன்னு சொல்லும் என்றார்.

கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள் மரத்தை மாற்றினேன்.

நீங்கள் ஆசைப்பட்டதை முடித்து வைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீங்கள் ஆசைப்பட்டது மூன்றாவது வருடம், மழைக்காலம். எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். நீங்கள் இல்லாமல் ஒரு காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வேரைப் பாதிக்கு மேல் வெட்டினேன். பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அது எப்படி இருந்ததென்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீலம் பட்டையைக் கறுப்பாக்கிக் காட்டியது, இலையை வெளுப்பாக்கிக் காட்டியது, பாறைமேல் நூறு வருடம் நின்ற மரம் போலிருந்தது. நாம் நினைத்தது சரிதான். பத்தாவது நாள் காலை, முந்தின சாயங்காலம் மூடிய இலை திறக்கவில்லை. நிழலுக்கு மாற்றினேன், ஈரச்சாக்கு சுற்றினேன். தினமும் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறதா என்று. முதலில் கிளையில், பிறகு தண்டில், பிறகு அடித்தூரில். எல்லாம் பழுப்பு. உங்கள் சாவுக்கு அழுததைவிட அன்றைக்குத்தான் அதிகம் அழுதேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை. உங்களை நான் சாகடிக்கவில்லை, இதைச் சாகடித்தேன்.

சொல்லிவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. இதை மடித்து வைக்கிறேன்.

ஞாயிறு, சாயங்காலம்.

அவர் வந்தார் அக்கா. காப்பி கொடுத்து உட்காரவைத்து, ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னேன். "புளிங்க. போன வருசம் கத்திரி வெயில்ல மாத்துனேன். வேரப் பாதிக்கு மேல வெட்டிட்டேன். கூடாதுன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

பரவாயில்லை விடுங்கள் என்பார், செடிதானே என்பார் என்று தயாராக இருந்தேன். அவர் ஆறுதலே சொல்லவில்லை. எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டார். எந்தப் பக்கத்து வெயில், ஆணிவேரா பக்க வேரா, மாற்றிய அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, அவருக்குத் தேவைப்படுகிற ஒரு தகவலாக மாறிக்கொண்டே வந்தது. எல்லாம் கேட்டுவிட்டுத் தொட்டியைக் கையில் எடுத்தார்.

"நான் நாளைக்கே ஒரு அத்திய இதுல வச்சிரணும்னு இருந்தேங்க. செவத்துலேர்ந்து எடுத்து வச்சிருக்கேன். வேண்டாம். புரட்டாசி மழை விழட்டும்" என்றார். "அதுவரைக்கும் தொட்டி சும்மாத்தான் இருக்கட்டுமே. பாத்துக்கிட்டிருக்கலாம்ல."

இத்தனை வருடம் நீங்கள் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. நான் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அடுத்த மரத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள்.

பென்சிலை எடுத்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். முத்திரைக்குப் பக்கத்தில், உங்கள் எழுத்து ஒன்றுகூட இல்லாத அந்த இடத்தில் எழுதினேன். 'புளி. கத்திரி வெயிலில் மாற்றியது. அவசரம்.' நீங்கள் யார் பெயரையும் எழுதியதில்லை. நான் என் பெயரை எழுதினேன்.

அவரை வழியனுப்ப பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். நல்ல கூட்டம். உள்ளே ஏறி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரத்து அம்மா ஒருவர் கையை நீட்டித் தொட்டி இருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகரும்போது பார்த்தேன். அந்தம்மாவின் விரல்கள் துணிக்கு மேலேயே விளிம்பைத் தடவிக்கொண்டு போய், அடிக்கு இறங்கி, ஓரிடத்தில் நின்றன. ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார் போல. முகத்தைத் திருப்பி அவரிடம் ஏதோ கேட்டார். அதற்குள் பஸ் வளைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மேஜைமேல் உங்கள் டிக்கெட் கிடக்கிறது. குட்டைக் காலுக்குக் கீழே வைத்திருந்தது, எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தேன். அச்சு முழுதும் மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகி, நீங்கள் மடித்த கோடுகள் மட்டும் இருக்கின்றன. தொட்டி அவர் வீட்டிலும் ஆடத்தான் போகிறது. ஆடட்டும். இன்றைக்கு வாங்கிய டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருக்கும், மடித்து வைத்துக்கொள்வார். இதைத் திரும்ப அதே கோடுகளில் எட்டாக மடித்து என் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

உங்கள்
சித்ரா